நாலு விரல் விலகல்

ஊறுகாய் இல்லை அண்ணாச்சி, காந்தம். பாட்டில் மட்டும்தான் ஹார்லிக்ஸ். உள்ளே நூலில் தொங்குகிறதே ஒரு கறுப்புக் குச்சி, அதைத்தான் சொல்கிறேன். கண்டக்டரும் இதையேதான் கேட்டார், "பெரியவரே, பாட்டில்ல என்ன?" என்று. "பூமி" என்றேன். "பூமிக்கு டிக்கெட் வேண்டாம், ஒமக்கு மட்டும் எடும்" என்று கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். விவரமான ஆள்.

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் மடக்கிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டைப் பைக்குள் அரிவாள்மணை இருக்கிறது. பேப்பரில் நாலு சுற்றுச் சுற்றித்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் என் மாமியார் காலத்து இரும்பு, பேப்பருக்கெல்லாம் அடங்குகிற ரகம் இல்லை. இன்னும் கொஞ்சம் மடக்குங்கள். ஆங், போதும்.

சங்கரன்கோவில்தானே நீங்களும்? நல்லது. ஒன்றரை மணி நேரம் ஆகும். எனக்கு அங்கே கொழுந்தியாள் வீடு. என் வீட்டுக்காரி ஆவுடையம்மாள் மூன்று வாரமாக அங்கேதான் இருக்கிறாள். நேற்று முன்தினம் கொழுந்தியாள் போன் போட்டாள். "அத்தான், எங்க வீட்டு அரிவாள்மணை அக்காவுக்குச் சரிப்படலையாம். அவ அரிவாள்மணையக் குடுத்து விடுவீயளாம்."

புரிகிறதா அண்ணாச்சி? சேலையைக் கேட்டால் பத்து நாள் இருக்கப் போகிறாள் என்று அர்த்தம். மாத்திரை டப்பாவைக் கேட்டால் ஒரு மாதம். அரிவாள்மணையைக் கேட்டால்?

அதுதான் போய்க்கொண்டிருக்கிறேன். எழுபத்தொரு வயதில், மடியில் பாட்டிலும் காலடியில் அரிவாள்மணையுமாக. அலுத்துப் போய்விட்டது. ராத்திரியெல்லாம் தூக்கம் வருகிறது, ஆனால் தூங்கி எழுந்தால் தூங்கின மாதிரி இல்லை.

நான் டெலிபோன் டிப்பார்ட்மென்டில் லைன் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவன். பெயர் மாசிலாமணி. பாளையங்கோட்டையில் சொந்த வீடு. பூமியின் காந்தத்துக்கு நட்டநடுக் கோடு ஒன்று உண்டு. அந்தக் கோட்டில் காந்த முள்ளைத் தொங்கவிட்டால் மேலேயும் சாயாது, கீழேயும் சாயாது, மட்டமாக நிற்கும். அது நம்ம தென்கோடிச் சீமையை ஒட்டித்தான் போகிறது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். என் வீட்டு ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவில் போகிறது என்பது நான் சொல்வது. ஆவுடையம்மாளிடம் சொன்னேன்: "ஏளா, நீ உப்பு எடுக்கப் போகும்போது ஒரு பாதி உலகத்திலேருந்து மறுபாதி உலகத்துக்குப் போயிட்டு வாரே." அவள், "பொய்யி" என்றாள்.

அவள் அப்படித்தான். முப்பத்தெட்டு வருஷமாக நான் என்ன சொன்னாலும் "பொய்யி." சாயங்காலம் ஹாலில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து காய் நறுக்குவாள். நான் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு கதை விடுவேன். ஒரு கதைக்கு நாலு தடவை "பொய்யி" என்பாள். நறுக்குகிற கை மட்டும் நிற்காது. கதையில் முக்கியமான இடம் வந்தால் நிற்கும்.

சரி, பாட்டிலுக்கு வருகிறேன். நாகர்கோவிலில் ஞானதுரை என்று ஒரு சிநேகிதர். காலேஜில் பிசிக்ஸ் லேபில் அட்டெண்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல், பூமிக் காந்தத்தை வீட்டில் வைத்தே அளக்கிற ஏழெட்டுப் பேரைச் சேர்த்து செல்போனில் ஒரு குழு ஆரம்பித்தார். சூரியனில் ஏதாவது வெடித்தால் ரெண்டு மூணு நாளில் அந்தக் கலக்கம் இங்கே வந்து பூமிக் காந்தத்தை ஆட்டும். அந்த ஆட்டத்தை எழுதி வைப்பதுதான் வேலை. "நீரும் வாரும் வே மாசிலாமணி, டெலிபோன் கம்பியில ஆயுசைக் கழிச்ச மனுசன்தானே" என்றார். போன பங்குனியில் ஆரம்பித்தேன்.

சாமான் ஒன்றும் பெரிதில்லை. பாட்டிலுக்குள் பட்டு நூலில் ஒரு காந்தம். காந்தத்தின் மேல் நகம் அளவு கண்ணாடித் துண்டு. எதிரே ஒரு லேசர் விளக்கு. அந்த வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி எதிர்ச்சுவரில் ஒரு சிவப்புப் பொட்டாக விழும். காந்தம் துளி திரும்பினாலும் சுவரில் பொட்டு நகரும். சுவரில் கட்டம் போட்ட தாளை ஒட்டிப் பென்சிலால் குறித்து வைக்க வேண்டியது. பட்டு நூல்தான் முறுக்காது என்றார் ஞானதுரை. நான் கடைக்குப் போகக் கிளம்பினேன். ஆவுடையம்மாள் தன் கல்யாணப் பட்டை எடுத்து வந்து, முந்தானை ஓரத்தில் ஒரு இழையை உருவி, பல்லால் கடித்துக் கொடுத்தாள். "கேக்காம இழுத்தா எல்லாம் கெட்டுப் போவும். நானே உருவித் தாரேன்" என்றாள். இதோ தொங்குகிறதே, அதே நூல்தான்.

இந்தச் சாமானுக்கு இரும்பு ஆகாது அண்ணாச்சி. ஒரே பகை அதுதான். உங்கள் பெல்ட் பக்கிளுக்கே இது திரும்பும். இப்போது பஸ்ஸே இரும்பு, அதனால் பைத்தியம் பிடித்துச் சுற்றுகிறது. அந்த அறைக்குள் இரும்போடு யாரும் வரக்கூடாது என்று சட்டம் போட்டேன். முதல் வாரமே ஆவுடையம்மாள் காப்பி கொண்டுவந்தாள், பொட்டு துள்ளிக்கொண்டு ஓடியது. பார்த்தால் இடுப்பில் சாவிக்கொத்து. "ஏளா, நில்லு, அப்பிடியே பின்னால போ!" என்று ஒரு சத்தம் போட்டேன். அதிலிருந்து காப்பி வாசற்படியோடு சரி. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு தட்டு தட்டுவாள், போய்விடுவாள்.

சாயங்காலக் கதையும் நின்றுவிட்டது. எனக்கு நேரம் எங்கே இருக்கிறது? தினமும் மூன்று நாற்பதுக்கு நானும் ஞானதுரையும் ஒரே நேரத்தில் அளவு எடுக்க வேண்டும். மூன்றரைக்குத்தான் அவர் தூங்கி எழுந்திருப்பார், அதனால் அந்த நேரம். ரெண்டு பேருக்கும் பொட்டு ஒரே சமயத்தில் நகர்ந்தால்தான் அது சூரியன் செய்த வேலை. ஒருத்தருக்கு மட்டும் நகர்ந்தால் அது வீட்டுச் சங்கதி. குழுவில் முதல் விதியே இதுதான்: ஒற்றைச் சாட்சி செல்லாது.

போனுக்குள்ளும் காந்தம் இருக்கிறது, தெரியுமோ? அதனால் போனை எட்டடி தள்ளி ஜன்னல் கட்டையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, நான் பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கத்துவேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு, குறியும் வே!" குறித்து முடிந்ததும் ஞானதுரை, "ம், இன்னிக்கு என்ன சரக்கு?" என்பார். சரக்கு என்றால் கதை. அரை மணி, முக்கால் மணி ஓடும்.

ஒரு கதை சொல்லட்டுமா? எண்பத்தொன்பது மார்ச்சில் ஒரு பெரிய சூரியப் புயல் வந்தது. அது நிஜம், புத்தகத்திலேயே இருக்கிறது. நான் அப்போது ஒரு சின்ன ஊர் எக்ஸ்சேஞ்சில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் உறவுமுறை இருக்கிறது. மொத்தம் நாற்பத்திரண்டு போன். மதியம் ரெண்டு மணி இருக்கும். நாற்பத்திரண்டும் ஒரே சமயத்தில் அடிக்கிறது. கூப்பிட்டது யாருமில்லை, கம்பியில் சூரியன் புகுந்துவிட்டான். எல்லா வீட்டிலும் எடுத்து "அலோ" என்கிறார்கள். எல்லாருக்கும் எல்லாருடைய குரலும் கேட்கிறது. அந்த ஊரில் அண்ணன் தம்பி ரெண்டு பேர், கிணற்று முறைத் தண்ணீருக்காகப் பதினொரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவர்கள். அண்ணன் எடுத்து "அலோ" என்றார். தம்பி குரல் "அலோ" என்றது. "நீயாவது கூப்பிட்டியே தம்பி" என்று அண்ணன் அழுதுவிட்டார். "நீதான கூப்பிட்டே அண்ணே" என்று தம்பி அழுதுவிட்டார். மறு வாரமே கேஸ் வாபஸ். இன்றைக்குவரைக்கும் ரெண்டு பேருக்கும் ஒரே கௌரவம்: அவன்தான் முதலில் இறங்கி வந்தான் என்று. தண்ணீர் முறை மட்டும் இன்னும் தீரவில்லை!

பார்த்தீர்களா, சிரிக்கிறீர்கள். இதை ஞானதுரையிடம் சொன்ன அன்றைக்கு அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "வே, ஒம்ம பக்கத்துல யாரு அது சிரிக்கிறது?" என்று கேட்டார். "இங்க யாருமில்ல, கதவு சாத்திருக்கு. லைன்ல ஏதோ எரைச்சல்" என்றேன். முப்பத்தாறு வருஷம் லைன் பார்த்தவன் நான். எனக்குத் தெரியாத இரைச்சலா?

மானூர் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கிறீர்களா? வேண்டாமா? சரி.

வைகாசியில்தான் அது ஆரம்பித்தது. ஒரு நாள் அளவு எடுத்துவிட்டுக் கதையைத் தொடங்குகிறேன், சுவரில் பொட்டு மெல்லக் கிளம்பி நாலு விரல் தள்ளிப் போய் நின்றது. நாலு விரல்! சாதாரண நாளில் அந்தப் பொட்டு காலையிலிருந்து மாலைக்குள் ரெண்டு அரிசி அளவுதான் நகரும். பெரிய சூரியப் புயல் வந்தாலும் ஒரு விரல் தாண்டாது. இது நாலு விரல். முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டு, நான் பேசி முடித்துப் போனை வைத்த கொஞ்ச நேரத்தில் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. மறுநாளும் அதே நேரம், அதே நாலு விரல். அதற்கு மறுநாளும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவில்லை. ஞானதுரை அன்றைக்குக் கோயிலுக்குப் போய்விடுவார், போன் கிடையாது. நான் மட்டும் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பொட்டு ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. நாலு ஞாயிறு பார்த்தேன், நாலும் அப்படியே. குறிப்பு நோட்டில் எழுதினேன்: "சூரியன் தன் பெயருள்ள நாளில் ஓய்வு எடுப்பதாகத் தெரிகிறது." உலகத்தில் யாரும் கண்டுபிடிக்காத விஷயம். குழுவிலும் போட்டேன்.

ஞானதுரை கூப்பிட்டார். "வே, எனக்கு இங்க ஒரு மயிரிழை அசையல. மதுரையில அசையல. சேலத்துல அசையல. ஒம்ம வீட்டுல மட்டும் பூமி தனியா ஆடுதா?"

"நான் நடுக் கோட்டு மேல இருக்கேன்லா" என்றேன்.

"சூரியனுக்கு ஞாயித்துக்கிழமை லீவு கெடையாது வே. ஞாயித்துக்கிழமை லீவு மனுசனுக்குத்தான். வீட்டுக்குள்ள ஏதோ இரும்பு நடமாடுது. தேடும்."

தேடினேன். ரெண்டு மாதம் தேடினேன். அந்த அறைக்குப் பக்கத்தில் இருந்த பீரோவை மாடிக்கு ஏற்றினோம். தையல் மெஷினைப் பக்கத்து வீட்டில் வைத்தோம். இரும்புக் கட்டிலைப் பிரித்துப் பின்கட்டில் போட்டோம். ஒரு பக்கம் ஆவுடையம்மாள் பிடிப்பாள், ஒரு பக்கம் நான் பிடிப்பேன். கட்டில் போன பிறகு தரையில் பாய் விரித்துப் படுத்தாள். அவளுக்கு முட்டி வலி உண்டு. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்து எழுந்திருப்பாள்.

ஒன்றும் பலிக்கவில்லை. ஒவ்வொரு சாமான் வெளியே போகும்போதும் பொட்டு ஒரு இடம் மாறும், அப்புறம் அதுவே அதன் இடம் என்று நின்றுவிடும். மூன்று நாற்பதுக்கு மறுபடி நாலு விரல். அப்போதுதான் எனக்கு ஒரு ஞானம் வந்தது. சும்மா ஒரே இடத்தில் கிடக்கிற இரும்பை இந்தக் காந்தம் கண்டுகொள்ளாது அண்ணாச்சி. எவ்வளவு பெரிய இரும்பாக இருந்தாலும் சரி. அது பக்கத்திலேயே இருக்கிறதா, அப்படியானால் அதுதான் இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். வந்து போகிற இரும்பைத்தான் எழுதும். இதை ஆவுடையம்மாளிடம் ரொம்பப் பெருமையாக விளக்கினேன். அவள் சாம்பார்க் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "அப்பிடியா?" என்றாள். "பொய்யி" என்று சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் சப்பென்று போய்விட்டது.

ஆவணி பிறந்தது. ஞானதுரை சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த இரும்பக் கண்டுபிடியும். இல்லேன்னா ஒம்ம அளவை குழுவுல சேக்க முடியாது. மத்தவங்க கேக்காங்க." ஐந்து மாத உழைப்பு அண்ணாச்சி. நான் பொய்யனாம்! கதை சொன்னால் பொய்யன் என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். அளவில் ஒரு நாள் ஒரு புள்ளி மாற்றிக் குறித்தவன் இல்லை நான்.

அந்தச் சமயம் பார்த்துக் கொழுந்தியாளும் என் சகலையும் ஒரு காதுகுத்துக்கு அழைக்க வந்தார்கள். காலையில் பதினோரு மணி. ஹாலில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். நான் கையில் ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டி வீடு முழுக்க ஆட்டிக்கொண்டு அலைகிறேன். கதவுத் தாழ்ப்பாள், சாமி விளக்கு, முறம், ஒன்று விடவில்லை. சாமான் எல்லாம் பார்த்தாயிற்று, இனி வீட்டில் நடமாடுகிறது என்றால் ஆள்தானே? நேரே போய் ஆவுடையம்மாள் கழுத்துக்குப் பக்கத்தில் காந்தத்தை நீட்டினேன். 'டக்'கென்று பாய்ந்து தாலிக்கொடியில் ஒட்டிக்கொண்டது.

"பிடிச்சேன்!" என்று கத்திவிட்டேன்.

சகலை காப்பியை வைத்துவிட்டு, "என்ன சகலை, மதினிக்கு இரும்புல தாலி கட்டிட்டீரா?" என்றார். அவர் சிரிக்க, கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, நானும் சிரித்தேன்.

தங்கம் இல்லை, ஊக்கு. பெண்கள் தாலிக்கொடியில் ரெண்டு மூன்று ஊக்கு கோத்து வைத்திருப்பார்களே, அவசரத்துக்கு, அது. ஆவுடையம்மாள் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மூன்று. என் கையை இழுத்து, உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தாங்க. இனிமே ஒங்க பூமி நல்லா இருக்கும்."

அவர்கள் ஆட்டோவிலேயே ஏறிவிட்டாள். காதுகுத்துக்குத்தானே போகிறாள், ரெண்டு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். நான் உள்ளே போய் நோட்டில் எழுதினேன்: "ஊக்கு மூன்று. அகற்றப்பட்டது."

மறுநாள் மூன்று நாற்பது. பொட்டு அசையவில்லை அண்ணாச்சி! கோடு போட்ட மாதிரி. அதற்கு மறுநாளும் அசையவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞானதுரையிடம் கத்தினேன்: "வே, கண்டுபிடிச்சிட்டேன்! ஊக்கு! மூணே ஊக்கு!"

"மூணு ஊக்குக்கு நாலு வெரலா? ஊக்கு என்ன வே, ரயில் தண்டவாளமா?"

"பின்னே எப்பிடி நின்னுது?"

"ஊக்கு மட்டுமா போச்சு?"

"ஊக்குப் போட்டிருந்தவளும்தான் போயிருக்கா. தங்கச்சி வீட்டுக்கு."

"போயி கூட்டிட்டு வாரும் வே" என்றார். நான் அளவைப் பற்றிப் பேசுகிறேன், இவர் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறார். படித்தவர்களே இப்படித்தான்.

ஆனால் பாருங்கள், அதற்கப்புறம் ஒரு சங்கடம். அளவு குறித்து முடிந்ததும் அவர், "இன்னிக்கு என்ன சரக்கு?" என்பார். எனக்கு ஒன்றும் வரவில்லை. வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வருகிறது. ஒரு நாள் கஷ்டப்பட்டு ஒன்று ஆரம்பித்தேன், எருமை மாடு வடக்கே தலை வைத்துப் படுக்கிற கதை. பாதியில் எனக்கே அது நிஜம் மாதிரித் தோன்றிவிட்டது, நிறுத்திவிட்டேன். மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ.

தேவர்குளம் தாண்டிவிட்டோமா? கரண்டு எடுக்கிற காற்றாடியெல்லாம் வருகிறதே.

அப்புறம்தான் அரிவாள்மணை கேட்டு போன் வந்தது. அடுக்களையில் தேடினேன், இல்லை. ஹாலில் இல்லை, பின்கட்டில் இல்லை. கடைசியில் எங்கே கிடந்தது தெரியுமா? சாமான் அறையில். என் அறைக்கும் அதற்கும் நடுவே ஒரே சுவர். மேலே ஒரு காற்றுத் துவாரம். அந்த அறையில் விளக்குக்கூடக் கிடையாது, பழைய அண்டாவும் அடசலும்தான். அந்தச் சுவரை ஒட்டி ஒரு உட்காரும் பலகை, அதற்குமுன் அரிவாள்மணை, பக்கத்தில் ஒரு பனையோலை விசிறி. கீழே சீனியவரைக்காயின் காம்பும் நாரும் காய்ந்து கிடந்தது, ஒரு முறம் இருக்கும்.

நான் பாட்டிலைப் போய்ப் பார்த்தேன், பொட்டு இருக்கிற இடத்தைக் குறித்துக்கொண்டேன். திரும்பி வந்து அரிவாள்மணையை எடுத்து ஹாலில் வைத்தேன். போய்ப் பார்த்தேன். பொட்டு நகர்ந்திருந்தது. மறுபடி சுவரோரம் கொண்டுவந்து வைத்தேன், போய்ப் பார்த்தேன். விரலை வைத்து அளந்தேன்.

நாலு.

சொன்னேனே, கிடக்கிற இரும்பை அது எழுதாது என்று. மூன்று வாரமாக அங்கேயே கிடந்திருக்கிறது, அதனால்தான் கோடு நேராக இருந்திருக்கிறது. அதுவரைக்கும் தினம் தினம் அவள் அடுக்களையிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்திருக்கிறாள், திரும்பத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். முட்டி வலியோடு. கடைசி நாள் மட்டும் அங்கேயே விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

விஞ்ஞானப்படி எனக்கு ஒரே ஒரு கேள்விதான் பாக்கி அண்ணாச்சி. அடுக்களையில் ஃபேன் இருக்கிறது. வெளிச்சம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அந்த இருட்டு அறையில், மூன்று நாற்பதுக்கு, ஞாயிற்றுக்கிழமை தவிர, போய் உட்கார்ந்து காய் நறுக்க வேண்டிய அவசியம் என்ன? நோட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அதைக் கேட்கத்தான் போகிறேன்.

என்ன, என்ன சொல்கிறீர்கள்? என் கதையைக் கேட்கவா? சும்மா இருங்கள் அண்ணாச்சி. முப்பத்தெட்டு வருஷமாக 'பொய்யி பொய்யி' என்று சொன்னவள். கேட்க வேண்டுமென்றால் வந்து கேட்க வேண்டியதுதானே, யார் வேண்டாம் என்றது?

...சட்டம் போட்டது நான்தான். அது சரி. ஆனால் சட்டம் இரும்புக்குத்தான் போட்டேன், அவளுக்கா போட்டேன்?

நீங்கள் சொன்னதையேதான் ஞானதுரையும் நேற்றுச் சொன்னார். "சிரிச்சது யாருன்னு அன்னைக்கே கேட்டேன். லைன் எரைச்சல்னீரு. நல்ல லைன் மெக்கானிக் வே நீரு!" என்றார். அப்புறம், "பாட்டிலையும் கொண்டு போயி அவங்க கையில குடும். உடைக்கணும்னா உடைக்கட்டும்" என்றார். அதனால்தான் இதையும் தூக்கிக்கொண்டு வருகிறேன். உடைக்கமாட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் முந்தானை நூல் உள்ளே தொங்குகிறதே. ஆனாலும் சொல்வதற்கில்லை. ஊக்கை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் வைத்துவிட்டுப் போனவள் அண்ணாச்சி. திட்டினாலாவது தேவலாம். மூன்று வாரத்தில் ஒரு தரம்கூட என்னோடு பேசவில்லை. எல்லாம் தங்கச்சி வாய் வழியாகத்தான். நான் போய் நின்றால் கதவைத் திறப்பாளா, தங்கச்சியை விட்டு "அங்கயே வச்சிட்டுப் போகச் சொல்லு" என்பாளா, தெரியாது. காப்பி டம்ளர் மாதிரி.

பனவடலிசத்திரம் போய்விட்டதா? அப்படியானால் நெருங்கிவிட்டோம்.

அண்ணாச்சி, நீங்கள் நல்ல மனுஷர். ஒன்றரை மணி நேரம் காலை மடக்கியே உட்கார்ந்து வந்திருக்கிறீர்கள். இனிமேல் நீட்டிக்கொள்ளுங்கள். நன்றாக நீட்டுங்கள், ஒன்றும் செய்யாது. பையைத் தொட்டுப் பாருங்கள். அமுக்கிப் பாருங்கள், பரவாயில்லை.

சீனியவரைக்காய். ரெண்டு கிலோ. காலையில் மகராசநகர் உழவர் சந்தையில் வாங்கினது, இன்னும் பச்சை மாறவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். அரிவாள்மணை என்று சொன்னால்தான் இந்தப் பக்கம் யாரும் கால் நீட்டமாட்டார்கள், பாட்டில் இடிபடாது. அரிவாள்மணையை எந்த மடையனாவது கொண்டுபோய்க் கொடுப்பானா? அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, சுவரோரம், பலகைக்கு முன்னால். காம்பையும் நாரையும் மட்டும் கூட்டி அள்ளிவிட்டு, ஒரு பல்பு மாட்டி வைத்திருக்கிறேன்.

கேட்பாள். "எங்க அரிவாள்மணை?" என்று தங்கச்சியையாவது விட்டுக் கேட்பாள். "கொண்டுதான் வந்தேன், கண்டக்டர் இரும்பு ஏத்தமாட்டேன்னுட்டார்" என்பேன். அதற்கு அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வருஷமாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தை. அது வாயிலிருந்து வந்துவிட்டால் போதும் எனக்கு. மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. இந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுக்கிறீர்களா? பாட்டிலை நான் பிடித்துக்கொள்கிறேன். திரும்ப ஒரு மணிக்கு ஒரு வண்டி இருக்கிறது, விசாரித்துவிட்டேன். அதைப் பிடித்தால் மூன்று மணிக்கெல்லாம் வீடு. மூன்று நாற்பதுக்கு நான் போன் போட வேண்டுமே. இன்றைக்கு ஞானதுரைக்குச் சொல்ல ஒரு சரக்கு இருக்கிறது: அரிவாள்மணை இருக்கிறது என்று நம்பி, ஒன்றரை மணி நேரம் காலை மடக்கி வந்த ஒரு அண்ணாச்சியைப் பற்றி.